நொடித்தவர் மனுவும் கணக்குப் பத்திரங்களும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையில் கல்வி, கைத்தொழில், திருமணச் செலவைக் குறைத்தல் முதலிய விஷயங்களைப் பற்றி அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயமோ, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசப்படுவதொன்று. கடன் மிகுந்து, கொடுக்க வகையின்றி, கோர்ட்டில் இன்சால்வென்சி மனுக் கொடுப்பதென்று ஒருவர் துணிந்தபின், அவர் திரட்டவேண்டிய கணக்குகளும் பத்திரங்களும் எவை, அவற்றைத் திரட்டும் வகை யாது என்பதே அது. மங்கலமான பொருளன்றே என்று நம் காரியதரிசி அவர்கள் சிறிது தயங்கினார்கள். வைத்தியசாலைக்கு வழி சொல்லுவது நோயை வரவேற்பதாகாது என்று யாம் விடை கூறினோம்.

நொடித்த வியாபாரி பழங்கணக்குப் புரட்டுவான் என்று ஊரில் கேலியாகச் சொல்லுவதுண்டு. அக்கேலியில் ஒரு நல்ல புத்திமதி இருப்பதை யாம் எம் குடும்ப அனுபவத்தால் அறிந்தோம். நொடித்தவன் பழங்கணக்கைப் புரட்டத்தான் வேண்டும். புரட்டாதவனே இரண்டாம் முறையும் கெடுகின்றான்.

எம் தமையனார் ஜவுளிக் கடை வைத்து இருபது ஆண்டு வாணிகம் செய்தவர். ஓர் ஐப்பசி மழையில் கடைக்குள் இடுப்பளவு வெள்ளம் புகுந்து, தீபாவளிக்கென்று கடனுக்கு வாங்கி அடுக்கிய சரக்கு முழுதும் நாசமாயிற்று. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன், அதன் வட்டிக்கு மற்றொரு கடன் என்று இரண்டாண்டு தள்ளினார். 1998ஆம் ஆண்டில் கடன்காரர் முப்பத்தொருவர், கடன் பதினொரு லட்சத்துக்கு மேல் என்ற நிலையில், ஊரார் சொல்லும் மஞ்சள் கடுதாசியைக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை என்றாயிற்று. அம்மனுவுக்குரிய காகிதங்களைப் பதினொரு இரவு உடன் உட்கார்ந்து சேர்த்தவர்கள் யாம். அப்பொழுது யாம் செய்த நன்மையும் செய்த பிழையும் நுமக்குப் பயன்படுமென்றே இங்கு நிற்கின்றோம்.

முதலிற் சட்டத்தின் நிலையைச் சிறிது கூறுவோம். சென்னை, மும்பை, கொல்கத்தா என்னும் மூன்று நகரங்களுக்கும் 1909ஆம் ஆண்டின் பிரஸிடென்ஸி நகரங்களின் இன்சால்வென்சி சட்டம் உரியது. சென்னையில் அதனை ஹைகோர்ட் நடத்துகின்றது. நம் தமிழ்நாட்டின் ஏனைய ஊர்களுக்கு உரியது 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சி சட்டம். அதன்படி மனுக்கள் மாவட்டக் கோர்ட்டிலோ, அதிகாரம் பெற்ற சப் கோர்ட்டிலோ கொடுக்கப்படுகின்றன. 2016இல் புதியதொரு திவால் சட்டம் இயற்றப்பெற்றது. ஆயினும் தனி மனிதரைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர் அளவிலேயே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கடைக்காரர், உத்தியோகஸ்தர், விவசாயி ஆகிய ஏனையோரைப் பழைய சட்டங்களே ஆளுகின்றன. யாம் கூறப்போவன 1920ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியவை.

கடன் தீர்க்க இயலாதிருப்பதோடு, அக்கடன் ஐந்நூறு ரூபாயேனும் இருத்தல், அல்லது டிக்ரி நிறைவேற்றத்திற் கைதாகியிருத்தல், அல்லது சொத்தின்மேல் ஜப்தி உத்தரவு நிலுவையில் இருத்தல் என்னும் மூன்றில் ஒன்று இருப்பின், கடன்பட்டவர் தாமே மனுக் கொடுக்கலாம். ஐந்நூறு ரூபாய் என்பது 1920இற் பெருந்தொகை. இன்று அது யாரையும் தடுக்கும் வரம்பன்று.

மனுக் கொடுப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அறியாமை. 1980ஆம் ஆண்டில், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவர்க்கும் கொச்சி வங்கிக்கும் நடந்த வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், கொடுக்க வகையின்மை ஒன்றையே காரணமாகக் கொண்டு கடன்பட்டவரைச் சிறையில் அடைத்தல் தகாதென்றும், கையில் வைத்துக்கொண்டே கொடாத தீய எண்ணம் வேண்டுமென்றும் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. ஆகவே இல்லாமை வேறு, வஞ்சனை வேறு. இவ்விரண்டையும் நீதிபதி எதைக்கொண்டு பிரித்தறிவார்? நம் முகத்தைப் பார்த்தா? நம் காகிதத்தைப் பார்த்தே அறிவார். நொடித்தவனுக்கு மானத்தைக் காக்கும் ஆடை அவனுடைய கணக்குப் புத்தகமே.

இனி விஷயத்திற்கு வருவோம். மனுவிற் சொல்லவேண்டியவை இவையென்று சட்டத்தின் 13ஆம் பிரிவு வகுத்துரைக்கின்றது. அதனையும் ஏனைய பிரிவுகளையும் ஒட்டி, காகிதங்களை ஐந்து கட்டாகக் கட்டுமாறு சொல்லுவோம்.

முதற்கட்டு, நாம் பிறர்க்குக் கொடுக்கவேண்டியது. ஒவ்வொரு கடன்காரர் பெயரும், வசிக்கும் இடமும், தொகையும், விவரமும் மனுவில் வரவேண்டும். தெரிந்தவரையில் என்று மட்டும் சட்டம் சொல்லி நிற்கவில்லை. தக்க கவனத்தோடு முயன்றால் தெரியக்கூடியவரையில் என்றும் சொல்லுகின்றது. எனவே நினைவை நம்பி எழுதலாகாது. நீளமான நோட்டு ஒன்று வாங்கி, பெயர், ஊர், கடன் வாங்கிய தேதி, அசல், வட்டி விகிதம், செலுத்தியது, நிற்பது, எழுதிக்கொடுத்த பத்திரம், ஜாமீன் நின்றவர், வழக்கு உண்டாயின் அதன் நம்பரும் கோர்ட்டும் என்று பத்துப் பத்தி கோடிட்டுக்கொள்க.

வங்கிக் கடனாயின் கடன் கணக்கின் முழு நகலை வங்கியிற் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் என்ன நிற்கின்றதென்றே மறந்தவர்க்கும் ஒரு வழியுண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறும் கடன் தகவல் நிறுவனங்கள், ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டுமென்று ரிசர்வ் வங்கி பணித்து, 2017 ஜனவரி முதல் அது நடந்துவருகின்றது. கடன் அட்டை, வாகனக் கடன், கைபேசி வழியே பெற்ற சில்லறைக் கடன் முதலியன அவ்வறிக்கையில் வெளிப்படும். ஆயின் அண்டை வீட்டாரிடம் வாங்கிய கைமாற்று அதில் வராது. புரோநோட்டுக் கடனும், சீட்டுக் கடனும், மொத்த வியாபாரியின் பற்றும் பெரும்பாலும் அதில் வருவதில்லை. அவற்றை நாமே தேடி எழுதவேண்டும்.

புரோநோட்டு கடன் கொடுத்தவர் கையில் இருக்கும். ஆதலால் எழுதிய தேதியையும், பின்புறத்தில் வரவு வைத்துக் கையெழுத்திட்ட தேதியையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்க. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டுக் கடனுக்கு வழக்காடும் காலம் மூன்றாண்டு. இடையிற் சிறிதளவு செலுத்தி எழுத்தில் வரவு வைத்திருப்பின் அக்காலம் அன்று முதற் புதிதாக எண்ணப்படும். டிக்ரி ஆகியிருந்தால் நிறைவேற்றக் காலம் பன்னிரண்டாண்டு. இத்தேதிகள் இல்லாமல் எக்கடன் உயிரோடிருக்கின்றது, எது காலங்கடந்தது என்று வக்கீல் சொல்ல இயலாது.

சீட்டு எடுத்தவர்கள், இனிக் கட்டவேண்டிய தவணைகளைக் கடனாக எண்ணுவதில்லை. அதுவும் கடனே. நகைக் கடன் அட்டையும் இக்கட்டில் சேரவேண்டும். வெற்றுக் காசோலைகளை ஈடாகக் கொடுத்திருப்பின், அடிக்கட்டையைப் பார்த்து அவற்றின் நம்பர்களை எழுதிவைக்க. பணமின்றித் திரும்பிய காசோலைக்காக நடக்கும் குற்றவழக்கு, இன்சால்வென்சி மனுவினால் தானே நின்றுவிடாது. ஆதலால் அந்த நோட்டீஸுகளை வக்கீலிடம் தனியே காட்டவேண்டும். வரி பாக்கி, மின்சாரக் கட்டண பாக்கி, வேலையாட்களின் சம்பள பாக்கி இவையும் கடன்களே.

இரண்டாங்கட்டு, நமக்குரிய ஆஸ்தி. என்ன சொத்து, எங்கே இருக்கின்றது, என்ன மதிப்பு என்ற மூன்றும் ஒவ்வொன்றுக்கும் எழுதவேண்டும். வீடு நிலங்களுக்குக் கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது, சப்ரிஜிஸ்திரார் ஆபீஸில் எடுத்த வில்லங்கச் சான்று. வாகனத்துக்கு அதன் பதிவுப் புத்தகம். வங்கியிருப்புக்குப் பாஸ் புத்தகம். இன்ஷூரன்ஸ் பாலிஸிகள், பிராவிடண்டு பண்டுக் கணக்கு, கடையின் சரக்கு ஜாபிதா, கூட்டுக் குடும்பச் சொத்திற் பாகம் ஆகிய யாவும் எழுதத்தக்கவை. எழுதினால் எல்லாம் போய்விடுமே என்று அஞ்சவேண்டா. எழுதுவது வேறு, இழப்பது வேறு.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சிலவற்றை ஜப்திக்கு அப்பாற்பட்டவை என்று வைத்திருக்கின்றது. அவசியமான உடுதுணி, சமையற் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணி, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் பிழைப்புக்கு வேண்டிய ஏரும் மாடும் விதைத் தானியமும், அவர் குடியிருக்கும் வீடு, ஆயுள் இன்ஷூரன்ஸ் பணம், பிராவிடண்டு பண்டு முதலியன அவை. தாலியைக் கோர்ட்டார் கழற்றிக்கொள்வர் என்று அழுத பெண்களை யாம் கண்டிருக்கின்றோம். அவ்வாறு எச்சட்டமும் சொல்லவில்லை.

கணக்குப் புத்தகங்களோவெனின், அவற்றை இந்த விலக்கைக் காட்டி மறைத்துக்கொள்ள முடியாது. ஏனைய பொருள்களை விலக்கிய சட்டம், கணக்குப் புத்தகத்தை மட்டும் கோர்ட்டின் வசம் ஒப்புவிக்கவேண்டுமென்று தெளிவாகவே கூறியுள்ளது. சட்டத்தின் கண் எங்கே இருக்கின்றதென்று இதனால் அறியலாம்.

இங்குத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தாய்வீட்டிலிருந்து வந்த நகையும் பாத்திரமும் ஸ்திரீதனம். அது மனைவியின் சொத்தேயன்றிக் கணவர் கடனுக்கு உரியதன்று. ஆனால் அதனைக் காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். திருமணத்தன்று எழுதிய சீர்வரிசை ஜாபிதா, நகைக் கடை ரசீது, புகைப்படம் இவற்றைப் பெண்கள் தம் பெட்டியிலேயே வைத்திருத்தல் நலம். கணவர் கேட்டாரென்று வெற்றுத்தாளிற் கையெழுத்திடுதல் ஒருபொழுதும் ஆகாது.

மூன்றாங்கட்டு, நமக்குப் பிறர் தரவேண்டியது. நொடித்தவர்கள் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அல்லது உறவினரிடம் நிற்கும் பாக்கியைக் கூச்சத்தால் விட்டுவிடுகின்றனர். பேரேட்டில் நிற்கும் பற்று, கடை வாடகைக்குக் கொடுத்த முன்பணம், மின்வாரிய டெபாசிட், எடுக்காத சீட்டிற் கட்டிய பணம், வரியில் திரும்பவேண்டிய தொகை இவையெல்லாம் கடன்காரர்களுக்குப் பங்காகவேண்டிய ஆஸ்தி. இவற்றை விடுவது தாராளமன்று. பிறர் பணத்தைத் தானம் செய்வதாகும்.

நான்காங்கட்டு, நடந்துபோன வரவு செலவு. இதுவே எல்லாவற்றிலும் அரிய கட்டு. விடுதலை உத்தரவு கேட்கும்பொழுது, நொடிப்பதற்கு முந்திய மூன்றாண்டில் வியாபாரத்துக்கு வழக்கமான கணக்குகளை ஒருவர் வைத்திராவிடின், அதுவொன்றே நிபந்தனையற்ற விடுதலையை மறுப்பதற்குப் போதிய காரணமென்று சட்டத்தின் 42ஆம் பிரிவு கூறுகின்றது. ஆதலின் மூன்றாண்டு நாளேடு, பேரேடு, பில் புத்தகம், வங்கிக் கணக்கு நகல், வருமான வரி முதலிய வரிக் கணக்குகள் வேண்டும். உத்தியோகஸ்தராயின் சம்பளச் சீட்டு வேண்டும்.

அன்றியும், கடந்த இரண்டாண்டில் எழுதிய தான பத்திரம், கிரயம், செட்டில்மெண்டு எல்லாவற்றையும் எடுத்துவைக்க. சொத்தை மாற்றி எழுதிய இரண்டாண்டுக்குள் கொடுத்த மனுவின்பேரில் ஒருவர் இன்சால்வென்ட் ஆக்கப்படின், நல்லெண்ணத்தோடு தக்க விலைக்குச் செய்யாத அம்மாற்றத்தைக் கோர்ட்டு நீக்கிவிடலாம். மனுவுக்கு முந்திய மூன்று மாதத்தில், மற்றவர்களை விட்டு ஒருவர்க்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தோடு கடன் தீர்த்திருந்தால் அதுவும் செல்லாதாகும். எம் தமையனார்க்கும், வீட்டை அண்ணியார் பெயர்க்கு எழுதிவிடுமாறு நெருங்கிய உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். வக்கீல் அவர்கள் தடுத்திராவிடின், வீடும் போய், வஞ்சகன் என்ற பெயரும் வந்திருக்கும்.

இந்நான்காங்கட்டில்தான் எம் தமையனார் இடறினார். பதினெட்டு ஆண்டு நாள் தவறாது கணக்கெழுதிய அவர், கடைசிப் பதினான்கு மாதம் நாளேட்டைத் திறக்கவேயில்லை. ஏன் எழுதவில்லையென்று யாம் கேட்டதற்கு, "எழுதினால் தெரிந்துவிடுமே, தம்பி" என்று சொல்லித் தலைகுனிந்தார். நோவுள்ள இடத்தைத் தொட அஞ்சுவதுபோலக் கணக்கைத் தொட அஞ்சினார். அப்பதினான்கு மாதத்தையும், பில் கட்டைகள், லாரி ரசீதுகள், பாஸ் புத்தகம், மொத்த வியாபாரிகள் அனுப்பிய கடிதங்கள் இவற்றைத் தரையிற் பரப்பி, மாதம் மாதமாக அடுக்கி, கூடியவரையில் திரும்ப எழுதினோம். இது பின்னர்ச் சேர்த்தெழுதிய கணக்கு என்று மேலே தெளிவாகக் குறித்தோம். பின்னர் எழுதியதை அன்றே எழுதியதுபோலக் காட்டுவது பொய்க்கணக்கு; கணக்கைப் பொய்யாக்குவதும் அழிப்பதும் ஓராண்டுவரை சிறைக்கு உரிய குற்றம்.

ஐந்தாங்கட்டு சிறியது. முன்பு எப்பொழுதேனும் இன்சால்வென்சி மனுக் கொடுத்ததுண்டா, அஃது என்னவாயிற்று என்பதற்குரிய உத்தரவு நகல்கள். இப்பொழுது நம்மேல் நடக்கும் வழக்குகளின் சம்மன், பிளெயிண்டு நகல், டிக்ரி நகல், ஜப்தி உத்தரவு. குடியிருப்பைக் காட்டும் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை. அசலை ஓர் உறையிலும் நகலை மற்றோர் உறையிலும் வைத்து, அசலைக் கொடுத்தால் எவரிடம் என்று கொடுத்தோம் என்பதைக் குறித்து ரசீது பெறவேண்டும்.

இத்துணையும் சேர்ந்தபின் மனுக் கொடுப்பது எளிது. மனுவை மனுதாரரே கையெழுத்திட்டு உண்மையென்று உறுதி சொல்லவேண்டும். கோர்ட்டார் விசாரணைக்குத் தேதி குறித்துக் கடன்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவர். வேண்டுமாயின் இடைக்கால ரிஸீவரை நியமிப்பர். மனு ஏற்கப்பட்டதும் கணக்குப் புத்தகம் முழுவதையும் காட்டுதல், ஜாபிதா கொடுத்தல், அழைத்தபொழுதெல்லாம் வந்து விடை சொல்லுதல் மனுதாரரின் கடமைகள். இன்சால்வென்ட் என்று தீர்ப்பானபின் சொத்து ரிஸீவரைச் சேரும். அவர் விற்றுக் கடன்காரர்க்குப் பங்கிடுவர். அதன்பின் கோர்ட்டின் அனுமதியின்றி அக்கடனுக்காக யாரும் புதிதாக வழக்காட இயலாது. தீர்ப்பிற் குறித்த காலத்திற்குள் டிஸ்சார்ஜ் என்னும் விடுதலை உத்தரவுக்கு மறவாது மனுச்செய்யவேண்டும். மறந்தால் தீர்ப்பே ரத்தாகும்.

இம்மனுவால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுதல் முறை. அடமானம் பெற்றவரின் உரிமை போகாது. அரசாங்கத்திற்குரிய பாக்கி, வஞ்சனையாற் பட்ட கடன், கோர்ட்டு விதித்த ஜீவனாம்சம் இவை விடுதலை உத்தரவாலும் நீங்கா. விடுதலை பெறாதவர் தம் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலும் குற்றம். எல்லாவற்றினும் மேலாக, கடன்பட்டவர் விடுபட்டாலும் ஜாமீன் நின்றவர் விடுபடார். எம் தமையனாரின் வங்கிக் கடனொன்றுக்கு யாம் ஜாமீன் கையெழுத்திட்டிருந்தோம். அவர் விடுதலை பெற்றபின்னும் யாம் ஐந்தாண்டு கட்டினோம். இளைஞர்கள் இதனை நினைவில் வைப்பார்களாக. தந்தையின் கடனைப் பற்றி மற்றொன்று: மகன் என்ற காரணத்தால் மட்டும் தந்தை கடனுக்கு மகனைப் பிடிக்கும் பழைய உரிமை, 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தால், அதன்பின் பட்ட கடன்களுக்கு நீங்கிற்று. தந்தை விட்டுச்சென்ற சொத்தளவிலே பொறுப்புண்டு, அதற்கு மேலில்லை.

இனி, யாம் செய்த பிழையைக் கூறவேண்டும். எம் தந்தையாரின் ஒன்றுவிட்ட தங்கை ஒருவர், கணவரை இழந்தவர், பிள்ளையில்லாதவர், எம் தமையனாரைப் பிள்ளையாகவே எண்ணியிருந்தார். கணவர் இறந்தபொழுது வந்த பணத்திற் பதினையாயிரம் ரூபாயைக் காகிதமின்றி, சாட்சியின்றி, தமையனார் கையிற் கொடுத்திருந்தார். பத்தாம் இரவு, கடன் ஜாபிதாவில் அத்தையின் பெயரை யாம் எழுதப்போனபொழுது தமையனார் எம் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தை பெயர் கோர்ட்டுக் காகிதத்தில் வேண்டா. அவருக்கு நோட்டீஸ் போனால் தாங்கமாட்டார். நான் தனியே கொடுத்துவிடுவேன்" என்றார். அது பாசமென்று எண்ணி யாமும் விட்டுவிட்டோம். மனுவில் முப்பத்தொரு பெயர்; முப்பத்திரண்டாவது பெயர் இல்லை. அதன் அடியில் உண்மையென்று அவர் கையெழுத்திட்டார்.

வீடும் சரக்கும் விற்று, கடன்காரர்க்கு ரூபாய்க்கு இருபத்திரண்டு பைசா பங்கு கிடைத்தது. ரூபாய்க்கு ஐம்பது பைசாவுக்குக் குறைந்தால், அந்நிலை தம் பொறுப்பில்லாத காரணத்தால் நேர்ந்ததென்று காட்டினாலன்றி முழு விடுதலை கிடையாது. வெள்ளத்தில் நாசமான சரக்குக்கு நகராட்சியார் தந்த சான்றும், தாசில்தார் ஆபீஸ் ரசீதும், சரக்கு வந்த பில்களும் அப்பொழுது உதவின. வெள்ளத்தின் பழி அவர்மேல் விழவில்லை. ஆயினும் பதினான்கு மாதக் கணக்கு இல்லாக் குறைக்காக, விடுதலை உத்தரவு ஓராண்டுக்குப் பின்னரே பலிக்குமென்று கோர்ட்டார் வைத்தனர். 2003ஆம் ஆண்டில் அவர் விடுபட்டார்.

அதன்பின் ஒருநாள் அத்தை கோயிலில் யாரோ பேசக் கேட்டு எம் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொருவர்க்கும் பங்கு கொடுத்தார்களாமே என்று கேட்டார். ஜாபிதாவில் இல்லாதவர்க்கு நோட்டீஸ் இல்லை. நோட்டீஸ் இல்லாததால், விடுதலைக்கு முன் எப்பொழுதேனும் தம் கடனை நிரூபித்துப் பங்கு கேட்டிருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. விடுதலை உத்தரவோ, நிரூபித்த கடனோடு, நிரூபிக்கத்தக்க கடனையும் நீக்கிவிடுகின்றது. ஊரில் மற்ற முப்பத்தொருவரும் சிறிதேனும் பெற, எம்மை எடுத்து வளர்த்தவர் ஒருவரே வெறுங்கையோடு நின்றார்.

அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "என் பெயர் கோர்ட்டுக் காகிதத்தில் வந்தால் எனக்கு என்னப்பா குறைச்சல்? நான் கொடுத்தேன் என்பது எழுத்திலே இருந்திருக்கும். நீங்கள் எழுதாததால் நான் கொடுக்காதவளாகிவிட்டேன்" என்று சொல்லி எழுந்துபோய்விட்டார். எம் தமையனார் அன்று உணவு கொள்ளவில்லை. பின்னர் யாமிருவரும் மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து, 2007ஆம் ஆண்டில் பதினையாயிரத்தையும் முடித்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நோட்டில் எழுதி அத்தையின் கையொப்பம் பெற்றோம். சட்டம் அக்கடனை நீக்கியிருந்தது. எம் மனத்தை அது நீக்கவில்லை. அந்த நோட்டு எம் பெட்டியில் இன்றும் இருக்கின்றது.

அன்பர்களே! கூச்சத்தால் மறைப்பதும் மறைப்பதே. மனைவிக்குத் தெரியாத கடன், மைத்துனர்க்குத் தெரியக்கூடாத கடன், வேலையாளிடம் வாங்கிய கடன் என்று ஒவ்வொருவர்க்கும் எழுதக் கை கூசும் பெயரொன்று உண்டு. முதலில் எழுதவேண்டிய பெயர் அதுவே. மனுவை வக்கீலிடம் கொடுக்குமுன் குடும்பத்தார் அனைவரையும் உட்காரவைத்து ஜாபிதாவை உரக்கப் படியுங்கள். விட்டுப்போனதை யாரேனும் ஒருவர் சொல்லுவர். அந்நாள் துன்பமான நாள்தான். ஆனால் அதற்குப் பின்வரும் நாட்கள் அத்துணைத் துன்பமாயிரா.

வக்கீல் வைக்க வகையில்லாதார், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர் பழங்குடியினர்க்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமான வரம்பிற்கு உட்பட்ட ஏனையோர்க்கும் அங்கு இலவச உதவி உண்டு.

சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் இரண்டு. கணக்குத் தெரிந்த மூத்தவர் இருவரை நியமித்து, இத்தகைய துன்பத்தில் வருவார்க்குக் காகிதங்களை அடுக்கித்தர உதவுவீர்களாக. அவர்கள் கேட்டதை வெளியிற் சொல்லாதிருத்தல் முதல் நிபந்தனை. மற்றொன்று, நொடித்தவர் வீட்டுக்குத் திருமணப் பத்திரிகை கொடாது ஒதுக்கும் வழக்கத்தை நாம் விடவேண்டும். 1906 அக்டோபர் 22இல், சென்னையிற் பெரும் புகழோடிருந்த அர்பத்நாட் கம்பெனியே கதவடைத்தது. அதில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மூழ்கிற்று. பெரியாரும் சிறியாரும் நொடிப்பதுண்டு. கணக்கைத் திறந்து காட்டியவனையும் மூடி மறைத்தவனையும் ஒரே தட்டில் நிறுத்துவோமாயின், நாளை நொடிப்பவன் எதற்காகத் திறந்து காட்டுவான்?

கடன் இல்லாதவர்களும் இன்றிரவு வீட்டுக்குச் சென்று, தம் பத்திரங்கள் எங்கிருக்கின்றன என்று ஒருமுறை பார்த்து, மனைவிக்கும் மக்களுக்கும் காட்டிவைப்பார்களாயின், யாம் பேசியது வீணன்று.